வாலாஜாபாத் வண்டியில் நிகழ்தகவு

கணக்குப் புத்தகம் எழுதுகிறவர்கள் ஒருநாளும் கம்பெனி வண்டியில் போனதில்லை என்பது என் அசைக்க முடியாத கருத்து. போயிருந்தால், "ஐந்து ஆண்களும் மூன்று பெண்களும் ஒரே வரிசையில், எந்த இரு பெண்களும் அடுத்தடுத்து வராதபடி எத்தனை வழிகளில் அமரலாம்?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் வண்டியில் அதற்கு விடை பூச்சியம். மூன்று பெண்கள் ஏறினால் மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். இரண்டு பேருக்குத்தான் இடம் என்றால் மூன்றாமவளை நடுவில் இடுக்கிக்கொள்வார்கள். அப்படியும் முடியாது என்றால் மூன்று பேரும் நின்றுகொண்டே வருவார்கள்.

இந்த வழக்கை முதலில் எழுப்பியது என் பக்கத்து சீட்டு அக்கா.

"எந்தப் பொம்பளடி ஆம்பளைங்க நடுவுல தனியா போயி குந்துவா? கணக்கு எழுதுனவன் வூட்ல பொம்பளைங்களே இல்லியா?"

"யக்கா, அது கணக்குக்கா. உக்காந்ததா நெனச்சுக்கிட வேண்டியதுதான்."

"நீ நெனச்சிக்கினா அவ குந்திடுவாளா?"

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூர் அருகே, காருக்கு ஒயரிங் செய்கிற ஒரு கம்பெனியில் டிரெய்னியாக இருந்தேன். வாலாஜாபாத்தில் வேறு மூன்று பெண்களோடு ஒரு வாடகை அறை. வண்டி அங்கிருந்துதான் கிளம்பும், அதனால் ஜன்னல் சீட்டு எனக்கு. அக்காவுக்கு வடக்குப்பட்டு. அவள் ஏறும்வரை பக்கத்து சீட்டில் என் பை உட்கார்ந்திருக்கும். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், கல்யாணமாகி மூன்று வயதில் ஒரு மகள். கம்பெனியில் எனக்கு ஆறு மாதம் பின்னால் சேர்ந்தவள். எனவே வயதில் அவள் சீனியர், வேலையில் நான். எந்தச் சண்டையிலும் யார் வாய் பெரியது என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை.

டிரெய்னி என்றால் தவணை உண்டு. தவணை முடிந்ததும் கைகொடுத்து, ஒரு சான்றிதழும் ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் தவணை முடிய அதிக நாள் இல்லை என்கிற சமயத்தில் நோட்டீஸ் போர்டில் அந்தக் காகிதத்தை ஒட்டினார்கள். குவாலிட்டி பிரிவுக்கு டிரெய்னிகளில் நான்கு பேரை நிரந்தரமாக எடுக்கப் போகிறார்கள். எழுத்துத் தேர்வு. பாடம்: தொடர்வரிசை, தொடர், எண்ணுதல், நிகழ்தகவு.

ஒயரின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலைக்கு இது எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. எச்.ஆரில் யாரோ சின்ன வயதில் கணக்கில் கோட்டைவிட்டிருக்க வேண்டும், அதை இப்போது எங்கள் தலையில் தீர்த்துக்கொள்கிறார்கள் என்றாள் அக்கா. ஆனால் இருவருமே அன்று மாலையே பெயர் கொடுத்துவிட்டோம்.

எனக்குக் காரணம் சங்கரன்கோவில். அங்கே அம்மா ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். "தவணை முடியட்டும்மா" என்ற ஒரே சாக்கில் நான் அவரைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். தவணை முடிந்தால் சாக்கும் முடிந்தது. மாப்பிள்ளை நல்லவராகத்தான் இருப்பார். எனக்குத்தான் சொந்தச் சம்பளத்தில், சொந்தச் சாவியோடு இருக்கிற இந்த வாழ்க்கையை விட மனசில்லை. அக்காவுக்குக் காரணம் வேறு. குவாலிட்டியில் இரவு ஷிப்ட் கிடையாது. "நைட்டு ஷிப்ட் வாரத்துல பக்கத்து வூட்ல வுட்டுட்டு வரேன்ல. போன தபா அந்தப் பொம்பளய அம்மான்னு கூப்டுச்சிடி எம் பொண்ணு" என்று சொல்லிவிட்டு, சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

ஆக, எப்படியாவது பாஸ் செய்தாக வேண்டும். அக்காவின் சொந்தக்காரப் பையன் ஒருவன் தண்டலத்தில் காலேஜ் படிக்கிறான். அவன் பழைய பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வந்து சேர்ந்தது. படிப்பெல்லாம் வண்டியில்தான்.

முதலில் தொடர்வரிசை. ஓர் அரங்கத்தில் முதல் வரிசையில் இருபது நாற்காலி, அடுத்த வரிசையில் இருபத்திரண்டு, அதற்கடுத்து இருபத்து நான்கு. இது கூட்டுத்தொடர் வரிசை, பொது வித்தியாசம் இரண்டு. எங்கள் வண்டியையே எடுத்துக்கொண்டோம். ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. பொது வித்தியாசம் பூச்சியம். அடுத்தது பெருக்குத்தொடர். ஒருவர் ஒரு வதந்தியை இருவரிடம் சொல்கிறார், அந்த இருவரும் ஆளுக்கு இருவரிடம். பொது விகிதம் இரண்டு என்கிறது புத்தகம். எங்கள் கேன்டீனில் அது குறைந்தது ஐந்தாவது இருக்கும் என்று அக்கா திருத்தினாள்.

பிறகுதான் ஷிப்ட் விஷயம் எங்களுக்கு உறைத்தது. எங்களுக்கு ஒரு வாரம் ஏ ஷிப்ட், மறுவாரம் பி, அதற்கடுத்து சி, மறுபடி ஏ. ஏ என்றால் காலை ஏழு மணிக்கு, சி என்றால் இரவு. இதுவும் ஒரு தொடர்வரிசைதானே? வாரத்தின் எண்ணை மூன்றால் வகுக்க வேண்டும். மீதி ஒன்று என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மீதியே இல்லை என்றால் சி. பொங்கல் வாரம் எந்த ஷிப்ட் என்று நான் போட்டுச் சொன்னதை முன் சீட்டுக்காரி கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். நாலே நாளில் நாங்கள் வண்டி ஜோசியர்கள் ஆகிவிட்டோம். அண்ணன் கல்யாணம், ஊர்த் திருவிழா, பல் பிடுங்குவது எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஷிப்ட் கேட்டு வந்தார்கள். அக்கா கண்ணை மூடி விரலை மடக்கி, வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து, "ஏ ஷிப்ட் வருது, ராசியான வாரம், போயிட்டு வா" என்பாள். தட்சணையாக முறுக்கு, சிப்ஸ், ஒருமுறை அரை டஜன் சாத்துக்குடி.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, கம்பெனி ஒரு வாரம் மெஷின் பழுதுபார்க்க ஷட்டவுன் விடும்வரை. ஷட்டவுன் முடிந்ததும் ஷிப்ட் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நாங்கள் அந்த வாரத்தையும் எண்ணி வைத்திருந்தோம். நாங்கள் ஏ என்று சொன்ன இடத்திலெல்லாம் சி வந்து நின்றது. தன் சொந்த அக்காவின் வளைகாப்புக்கு மதுரை போக வேண்டிய ஒரு பெண்ணுக்கு அந்த வாரம் முழுக்க இரவு ஷிப்ட்.

"படிச்சவுக மாதிரி பேசுனியளே, இப்பம் பாருங்க" என்று அவள் வண்டி நடுவில் நின்று எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினாள். கொடுத்த முறுக்கைத் திருப்பித் தரச் சொன்னாள்.

"முறுக்கு எந்தக் காலத்துலயோ முடிஞ்சிபோச்சிம்மா" என்றாள் அக்கா. "முறுக்குத் தொடர்ல உறுப்புகள் எண்ணிக்கை பூச்சியம்."

வண்டியே சிரித்தது. அந்தப் பெண்ணும் கடைசியில் சிரித்துத் தொலைத்தாள். ஜோசியத் தொழிலை அன்றோடு மூடிவிட்டோம்.

எண்ணுதல் பாடத்தில், எண்ணுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டிருப்பார்கள். "அஞ்சிக்கு இன்னா இவ்ளோ ஆச்சரியம்?" என்று கேட்டாள் அக்கா. ஐந்து பேரை நூற்றிருபது விதமாக உட்காரவைக்கலாம் என்று விளக்கினேன். "அப்ப ஆச்சரியந்தான்" என்று ஒப்புக்கொண்டாள். ஆண் பெண் கணக்கையும் அதை வைத்துத்தான் ஜெயித்தோம். முதலில் ஐந்து ஆண்களை உட்காரவைக்க வேண்டும், நூற்றிருபது. அவர்களுக்கு இடையிலும் ஓரங்களிலும் ஆறு சந்து. அந்த ஆறில் மூன்று பெண்களை நுழைக்க இன்னொரு நூற்றிருபது. இரண்டையும் பெருக்கினால் பதினாலாயிரத்து நானூறு. விடைப் பக்கத்தில் அதே எண்ணைப் பார்த்ததும் இருவரும் கத்திய கத்தலில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

எங்களை உண்மையில் கவிழ்த்தது நிகழ்தகவுதான். அதிலும் ஒரே ஒரு வகைக் கணக்கு. ஒரு பெட்டியில் பத்துப் பொருள், மூன்று பழுது. ஒன்றை எடுத்துப் பார்த்து, அதைத் திரும்பப் பெட்டியில் வைத்து, மறுபடி ஒன்றை எடுக்கிறோம். இரண்டுமே பழுதாக இருக்க நிகழ்தகவு என்ன? சும்மா எழுதினால் மண்டையில் ஏறாது என்று, அம்மா அனுப்பிய வறுகடலையில் நல்லது ஏழு, கறுத்த சொத்தை மூன்று எண்ணி டிபன் பாக்ஸில் போட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். சொத்தை. ஜன்னல் வழியே வீசிவிட்டாள்.

"எங்கக்கா போட்டிய? திருப்பி வைக்கணும்லா?"

"சொத்தைய எவடி மறுபடியும் டப்பாவுல போடுவா?"

இன்னொன்று எண்ணிப் போட்டேன். இந்தமுறை நல்லது வந்தது. தின்றுவிட்டாள். அது தனிக்கதை.

ஆனால் கையைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் லைனில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். பழுதான ஒயர் கையில் வந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். போட்டதை எடுத்து நல்லதோடு சேர்த்தால் மெமோ. சாப்பாட்டை மறந்தாலும் இதை மறக்க மாட்டோம். தாளில் எழுதும்போதும் அதேதான் வந்தது. முதல் தடவை பத்தில் மூன்று என்று சரியாக எழுதுவோம். இரண்டாவதற்கு, பேனா தானாகவே ஒன்பதில் இரண்டு என்று எழுதும். பெட்டியிலிருந்து ஒரு பழுது குறைந்துவிட்டதே! மறுபடி பத்தில் மூன்றுதான், ஏனென்றால் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டோம் என்று புத்தகம் தலைபாடாக அடித்துக்கொள்ளும். எனக்கும் முதலில் வரவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"யக்கா, அதை நம்ம கம்பெனி டப்பான்னு நெனைக்காதிய. வேற எவனோ கம்பெனி டப்பா. நமக்கென்ன?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன், வேற கம்பெனி கார்ல மனுஷங்க போவ மாட்டாங்களா?"

புத்தகத்தை மூடிவைத்தேன். கடலையை மட்டும் சாப்பிட்டோம்.

தேர்வுக்கு எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்த வாரம் தெரிந்தது. இருபது பேர். நான்கு இடம். ஒரகடம் தாண்டும்போது, வேறு கணக்கு இல்லாமல், விளையாட்டாகத்தான் நான் ஆரம்பித்தேன். இருபது பேரில் எங்கள் இருவருக்கு என்ன வாய்ப்பு? இருபதில் இரண்டு பேரை ஜோடி சேர்க்க நூற்றுத் தொண்ணூறு வழி. அதில் இரண்டு பேரும் தேறுவது ஆறு. இரண்டு பேருமே தேறாமல் போவது நூற்றிருபது. ஒருத்தி மட்டும் தேறுவது அறுபத்து நான்கு. கூட்டிப் பார்த்தேன், நூற்றுத் தொண்ணூறு சரியாக வந்தது. முதல்முறையாக ஒரு நிகழ்தகவுக் கணக்கு விடைப் பக்கம் பார்க்காமலே சரியாக வந்த பெருமையில் தாளை அக்காவிடம் நீட்டினேன்.

அவள் விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். "அப்ப ரெண்டு பேரும் போறத வுட, ஒருத்தி போயி ஒருத்தி நிக்கறதுதான் பத்து மடங்கு ஜாஸ்தி."

பத்து மடங்குக்கும் கொஞ்சம் மேலே என்று திருத்த வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அதுவரை அந்தத் தேர்வை நாங்கள் இருவரும் சேர்ந்து ஏறுகிற வண்டியாகத்தான் நினைத்திருந்தோம்.

"இதெல்லாம் இருபது பேரும் ஒரே மாரி இருந்தாத்தான?" என்றாள் அக்கா. "நாம இன்னா டப்பா கடலையா, கண்ண மூடிகினு எடுக்கறதுக்கு? படி."

படித்தோம். ஆனால் அன்றிலிருந்து அக்கா இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தாள். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. நானும் மறைத்தேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தைப் பார்த்து, ஆளுக்கொரு கையால் மூடிக்கொண்டு எழுதுகிற எங்களைப் பார்த்துவிட்டு முன் சீட்டுக்காரி, "ரெண்டும் ஒண்ணாங்கிளாஸா?" என்று கேட்டாள். அதற்குமேல் மறைக்க வெட்கமாகப் போய்விட்டது. கையை எடுத்துப் பார்த்தால் இருவரும் ஒரே தப்பைப் போட்டிருந்தோம்.

தேர்வு டிரெய்னிங் ஹாலில் நடந்தது. கேள்வித்தாள் நான் பயந்த அளவுக்கு இல்லை. தொடர்வரிசை வந்தது, வரிசையில் உட்காரவைப்பது வந்தது. கடைசிக்கு முந்தின கேள்வி: ஒரு பெட்டியில் எட்டுக் கனெக்டர், இரண்டு பழுது. ஒன்றை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்து, மறுபடி எடுத்தால் இரண்டும் பழுதாக இருக்க நிகழ்தகவு என்ன? வேறு எவனோ கம்பெனி, வேறு எவனோ கம்பெனி என்று மனசுக்குள் ஜெபித்துக்கொண்டே திரும்ப வைத்தேன். பதினாறில் ஒன்று.

வெளியே வந்ததும் அக்காவைக் கேட்டேன். "என்னக்கா போட்டிய?"

"இருவத்தெட்டுல ஒண்ணு." என் முகத்தைப் பார்த்தாள். "தப்புன்னு தெரியும்டி. பதினாறுன்னு எழுதினேன், அட்சேன். மறுபடி எழுதினேன், மறுபடி அட்சேன். கெட்டுப்போனத கையில வச்சிகினு உள்ள போட மனசே வரல எனக்கு."

"அது வெறும் தாளுதானக்கா!" என்று கத்தினேன். அவ்வளவு கோபம் எனக்கு ஏன் வந்தது என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த வாரம் போர்டில் நான்கு பெயர் ஒட்டினார்கள். மூன்றாவது என் பெயர். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நின்ற இடத்தில் குதித்தேன். குதித்து முடித்த பிறகுதான் நான்காவது பெயரைப் படித்தேன். அது அக்கா இல்லை. ஒரே ஒரு கணக்கில் போயிற்று என்று எச்.ஆர். மேடம் அவளிடம் சொன்னாராம். எந்தக் கணக்கு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "ட்ரீட் எப்போடி?" என்றாள். திரும்பும்போது வண்டியில் ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வடக்குப்பட்டு வரும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எனக்குப் பின்னால் சேர்ந்தவள் என்பதால், தவணை முடிவதற்குள் அவளுக்கு இன்னொரு தேர்வு கிடைக்கும். ஒன்றே ஒன்று.

அம்மாவுக்குப் போன் செய்தேன். ஏளா, நல்லா இரு, நல்லா இரு என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு, "அப்பம் சங்கரன்கோவிலுக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். நிரந்தரமாயிட்டேன்னு சொல்லுங்க என்றேன். நீயே சொல்லு என்று போனை வைத்துவிட்டார்.

புது அடையாள அட்டை வாங்கும்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. நிரந்தரமானவர்களுக்கு வண்டியும் வேறு.

திங்கட்கிழமை அந்த வண்டியில் ஏறினேன். ஏசி வண்டி. சீட்டு அகலம், திரைச்சீலை, எல்லார் காதிலும் ஹெட்போன், பாதிப் பேர் தூக்கம். யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. டிரெய்னிகளுக்கும் அந்த வாரம் ஏ ஷிப்ட்தான். ஒரகடம் சிக்னலில் நின்றபோது, பக்கத்தில் எங்கள் பழைய வண்டி வந்து நின்றது. அக்கா நான் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம், வாயில் பென்சில். பக்கத்து சீட்டில் அவள் பை.

கண்ணாடியைத் தட்டினேன். பார்த்துவிட்டாள். புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டும் விரித்தாள். ஏழாவது கணக்கு. நான் வாயசைத்தேன். அவள் காதில் கைவைத்துக் காட்டினாள். ஏசி வண்டியின் கண்ணாடி திறக்காது. அதைத் திறக்கப் பார்த்து நகம்தான் உடைந்தது. அக்கா போதும் என்பதுபோலக் கையை வீசிவிட்டுக் குனிந்துகொண்டாள். ஒரு வரி எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். அதையும் அடித்தாள்.

நான் எழுந்து முன்னால் போய்க் கதவைத் திறக்கச் சொன்னேன்.

"இன்னாம்மா, சிக்னல்லயா எறங்குவ? அட்டை குடுத்து மொத நாளு!" என்று டிரைவர் சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டே திறந்தும் விட்டார். இறங்கி ஓடிப் பழைய வண்டியின் கதவைத் தட்டினேன். ஏறுவதற்கும் சிக்னல் விழுவதற்கும் சரியாக இருந்தது.

"இன்னாத்துக்குடி வந்த?" என்றாள் அக்கா. "வண்டி மாறி வந்தா கேட்ல பேரு எழுதிக்குவாங்க, தெரியும்ல?"

"எழுதட்டும். ஏழாவது கணக்கு என்ன?"

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"குந்து. தோ பாரு, இந்தத் தபாவும் போச்சின்னா அப்பால எனக்கு இந்த வண்டியும் கெடையாது. சிரிக்காம சொல்லிக் குடு."